பரிசு கிடைக்கும், பதில் கிடைக்காது

சிங்கப்பூரில் தமிழில் எழுதத் தொடங்கும் ஓர் இளையருக்குப் பரிசு கிடைத்துவிடும். பதில்தான் கிடைக்காது.

போட்டிகளைக் குறைசொல்ல வரவில்லை. ஏப்ரல் பிறந்தால் தமிழ்மொழி விழா. பள்ளிகள், சமூக மன்றங்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள் என்று ஆளுக்கொரு சிறுகதைப் போட்டி, கவிதைப் போட்டி. ஈராண்டுக்கு ஒருமுறை தேசிய கலைகள் மன்றத்தின் தங்க முனை விருது, நான்கு மொழிகளுக்கும். என் அம்மா வீட்டு அலமாரியில் இன்றும் நான் வாங்கிய நான்கு கிண்ணங்கள் நிற்கின்றன. ஆனால், “உன் கதை மூன்றாவது பத்தியில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்” என்று அந்த நான்கு கதைகளைப் பற்றியும் எவரும் சொன்னதில்லை. நடுவர் பத்து நிமிடம் பேசுவார், எல்லாருக்கும் பொதுவாக. பிறகு வடை, தேநீர், குழுப்படம். அத்தோடு கதையின் ஆயுள் முடிந்தது.

தொடக்கக்கல்லூரி முடித்ததும் அதுவும் நின்றுபோகும். தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாகவே எடுத்துப் படித்த என் வகுப்புத் தோழிகளில் இன்று தமிழில் ஒரு பக்கம் எழுதுகிறவர் இருவர். நான் கணக்காய்வுத் துறைக்குப் போய்விட்டேன். மற்றவர் ஆசிரியர்.

அந்த ஆசிரியரும் நானும், மென்பொருள் துறையில் இருக்கும் ஒரு நண்பரும், தமிழ்நாட்டிலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகளாகச் செங்காங்கில் வசிக்கும் ஓர் அண்ணனும் சேர்ந்து ஒரு காலாண்டிதழ் தொடங்கினோம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புதியவர்களுக்கு. பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, சொன்னால் கட்டுரை விளம்பரமாகிவிடும். நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: அனுப்பிய ஒவ்வொருவருக்கும் 30 நாளுக்குள் பதில். அந்தப் பதிலில் குறைந்தது ஒரு வாக்கியமாவது அவர் எழுதிய ஒரு குறிப்பிட்ட வரியைப் பற்றியதாக இருக்க வேண்டும். “தங்கள் ஆர்வத்துக்கு நன்றி” என்று எழுதினால் பதிலாகாது.

இடமே இல்லாத ஊர் என்று சொல்லிவிட முடியாது. நாளிதழின் ஞாயிறு பக்கங்கள் இருக்கின்றன. ‘தி சிராங்கூன் டைம்ஸ்’ இருக்கிறது. இங்குள்ள நண்பர்கள் சிலர் 2018-இல் ‘அரூ’ என்ற மின்னிதழைத் தொடங்கி, கனவுருப்புனைவுக்கும் அறிவியல் புனைவுக்கும் தமிழில் ஒரு முகவரியே உண்டாக்கினார்கள். அவர்களுடைய அறிவியல் சிறுகதைப் போட்டிக்குக் கடல் தாண்டியும் கதைகள் வந்தன. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு டோ சியன் மின் 2001-இல் இணையத்தில் தொடங்கிய காலாண்டிதழ் உண்டு. கடற்பாலத்துக்கு அப்பால் ம. நவீனும் நண்பர்களும் முதலில் ‘காதல்’ என்று ஓர் இதழ் நடத்தி, அது நின்ற பிறகு 2007-இல் ‘வல்லினம்’ தொடங்கினார்கள். வல்லினமும் பின்னால் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. ஆனால் முதல் கதையை எழுதி முடித்துவிட்டு, இது கதைதானா என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் 19 வயதுக்காரர் எங்கே போவார்? அங்கேதான் எங்களுக்கு ஒரு நாற்காலி காலியாக இருப்பதாகப் பட்டது.

தொடங்குவதற்கு முன் சில சனிக்கிழமைகளை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் கழித்தோம். நண்பர் இதை ‘சந்தை ஆய்வு’ என்றார். எனக்கு அது வேறு விதமாக இருந்தது. 1887 ஜூன் 27-ஆம் தேதி சி. கு. மகுதூம் சாயபு வெளியிட்ட ‘சிங்கை நேசன்’ வார இதழின் முதல் பக்கத்தை நூலகத்தின் மின்தொகுப்பில் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். மூன்று ஆண்டுதான் ஓடியது. அதற்குள் 1888-இல் அதில் வந்த ‘வினோத சம்பாஷணை’யை இந்த ஊர்ச் சிறுகதையின் முன்னோடி என்று நா. கோவிந்தசாமி பின்னால் எடுத்துக்காட்டினார். பத்திரிகை நின்று பல தலைமுறை கழித்தும் அதிலிருந்து ஒருவர் ஒரு கதையை வெளியே எடுக்க முடிகிறது. காகிதத்திலும் ஓர் இதழ் வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது அங்கேதான்.

என்னை இன்னும் அதிகமாகப் பிடித்து உட்காரவைத்தது ‘கதை வகுப்பு’. மலாயாவும் சிங்கப்பூரும் ஒரே வாசகப் பரப்பாக இருந்த காலம். 1950-இல் கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை எழுதப் பாடம் நடத்தினார்கள். நாளிதழில்! வாசகர்கள் பயிற்சி எழுதி அனுப்ப, ஆசிரியர்கள் அதைத் திருத்தித் தரம் பிரித்தார்கள். அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள் பலர் பின்னால் எழுத்தாளர்களாக நிலைத்தார்கள். அதே நாளிதழுக்கு ஆசிரியராகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த கு. அழகிரிசாமி, உள்ளூர் இளைஞர்களைக் கூட்டிவைத்து அவர்கள் கதைகளைப் பற்றிப் பேசும் இலக்கிய வட்டம் நடத்தினார். இங்கே கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’, ஐம்பதுகளில் மாணவர் மணிமன்றம் என்று பிள்ளைகளுக்கென்றே பக்கம் ஒதுக்கியது. அந்தப் பக்கத்தில் பெயர் பார்த்தவர்கள்தாம் பிறகு இங்கே ஒரு தலைமுறை எழுத்தாளர்கள். அவர்களுக்கும் பரிசு கிடைத்திருக்கலாம். ஆனால் முதலில் கிடைத்தது பதில்.

சென்னையில் சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கிய கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பையில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார், கைப்பணத்தை இழந்தார். அந்தத் தியாகக் கதையைச் சொல்லும்போது நாம் ஒன்றை விட்டுவிடுகிறோம். திருகோணமலையில் இருபது வயதையொட்டிய, யாருக்கும் தெரியாத ஓர் இளைஞர் அனுப்பியவற்றை அவர் படித்தார், போட்டார். அந்த இளைஞர்தான் பிரமிள். செல்லப்பா சுமந்த பையைவிட, பிரித்துப் படித்த உறையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இதில் அண்ணனுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம், என் தொழிலே அதுதானே.

ஆளுக்கு 600 வெள்ளி போட்டோம். 96 பக்கம், 300 பிரதி. இங்கே அச்சிட்டால் ஒரு பிரதிக்கு ஐந்தாறு வெள்ளி ஆகும் என்றார்கள். சென்னையில் அதில் பாதிகூட ஆகாது, ஆனால் சரக்குக் கட்டணம், தாமதம், நனைந்துவரும் பெட்டி. இங்கேயே அச்சிட்டோம். விலை 8 வெள்ளி. கடைக்காரருக்குக் கழிவு, அனுப்பும் செலவு, ஆசிரியர் பிரதிகள் எல்லாம் போக, 300-உம் விற்றால்கூட வரவும் செலவும் தட்டுத்தடுமாறிச் சமமாகும். மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமே என்று கேட்காதவர் இல்லை. விண்ணப்பிப்போம். ஆனால் முதல் இதழுக்கு வேண்டாம் என்று முடிவுசெய்தோம். ஓர் இதழைக்கூடக் கையில் வைத்துக்கொள்ளாமல் விண்ணப்பத்தில் ‘நோக்கம்’, ‘தாக்கம்’ என்று எழுத உட்கார்ந்தால் எங்கள் தமிழே கெட்டுவிடும்.

சட்டமும் பார்க்க வேண்டியிருந்தது. 1974-இல் வந்த செய்தித்தாள், அச்சகச் சட்டம் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து நமக்கில்லை என்று ஒதுக்காமல், உங்கள் இதழில் என்ன வரும், எப்போதெல்லாம் வரும் என்று எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தேசிய நூலக வாரியமே தருகிறது. வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதிகளை நூலகத்துக்குக் கொடுத்துவிட வேண்டும், அது சட்டம். எங்களுக்கு அது சடங்குபோல இருந்தது. இருவர் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். அஞ்சலிலும் அனுப்பலாம், அது வேறு விஷயம்.

விற்பதற்குத் தேக்கா. வேறெங்கே போவது? பஃபலோ சாலையில் ஒரு மளிகைக்கடை, வாசலில் வாழையிலை, வெற்றிலை, பக்கத்துக் கம்பியில் தமிழ்நாட்டு வார இதழ்கள் கிளிப் போட்டுத் தொங்கும். கடைக்கார அண்ணன் எங்கள் இதழை முன்னும் பின்னும் திருப்பினார்.

“ராசிபலன் இருக்காம்மா?”

“இல்லண்ணே.”

“சமையல் குறிப்பு?”

“கதை, கவிதைதாண்ணே. எல்லாம் நம்ம ஊர்ப் பிள்ளைங்க எழுதினது.”

“பிள்ளைங்க எழுதினதா? சரி, பத்து வச்சுட்டுப் போ. ஆனா சாமி படம் போட்ட காலண்டருக்குப் பின்னாடிதான் இடம்.”

காலண்டருக்குப் பின்னால் இருந்தபடியே மூன்று வாரத்தில் ஏழு விற்றன. கழிவு வேண்டாம் என்றுவிட்டார். வற்புறுத்திக் கொடுத்தோம். இலவசமாக உதவுகிறவரிடம் இரண்டாம் முறை போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

இனி, உண்மையான சண்டைகளைச் சொல்கிறேன்.

முதல் இதழுக்கு 52 படைப்புகள் வந்தன. 11 எடுத்தோம். அந்தப் பதினொன்றில் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஐவர், மற்றவர்கள் வேலைக்கோ திருமணமாகியோ வந்தவர்கள். ஆசிரியத் தோழி பட்டியலைப் பார்த்துவிட்டு, “பாதிப் பக்கத்தையாவது இங்கே பள்ளி படித்தவர்களுக்கு ஒதுக்க வேண்டும்” என்றாள். அண்ணன் முகம் வாடிவிட்டது. பன்னிரண்டு ஆண்டாக இங்கே வரி கட்டுகிறவர், பிள்ளை தேசிய சேவைக்குப் போகப்போகிறவர். “அப்ப நான் எந்த ஊர் எழுத்தாளன்?” என்றார். யார் சிங்கப்பூர் எழுத்தாளர் என்ற கேள்வி நம் இலக்கியக் கூட்டங்களின் தேநீர் இடைவேளைகளில் மெல்லிய குரலில் பேசப்படுவது. எங்கள் வரவேற்பறையில் கொஞ்சம் சத்தமாகவே பேசப்பட்டது.

தோழியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள், ஐந்தும் அதற்கு மேலும் வயதுள்ள குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காடு. 2020-இல் 2.5 விழுக்காடு. வீட்டில் ஆங்கிலம் பேசி, வாரத்தில் சில மணி நேரம் வகுப்பில் தமிழ் படித்த பிள்ளையும், தமிழிலேயே பள்ளி முடித்துவிட்டு வந்தவரும் ஒரே கோட்டில் நின்று ஓட முடியாது. ஆனால் பிறந்த ஊரைப் பார்த்துப் பக்கம் பிரித்தால், படிக்கிறவர் கதையைப் படிக்க மாட்டார், ஆளைப் படிப்பார். கடைசியில் இப்படி முடிந்தது: பாதிப் பக்கங்கள், எங்கேயும் எதுவும் அச்சில் வராதவர்களுக்கு. எங்கே பிறந்தவராக இருந்தாலும். இதில் முழுத் திருப்தி யாருக்கும் இல்லை, எனக்கும்கூட. ஆனாலும் நால்வரும் ஒரே குழுவில் இருக்கிறோம்.

அடுத்த சண்டை ‘தப்பாவ்’ பற்றியது.

தேசிய சேவையில் இருக்கும் ஒரு தம்பி கதை அனுப்பியிருந்தார். முகாமிலிருந்து வார இறுதிக்கு வீடு வருகிறான் மகன். அப்பா மீ கோரெங் ‘தப்பாவ் பண்ணிக்கொண்டு’ வருகிறார். ‘புளோக்’குக்குக் கீழே, ‘லிஃப்ட்’டுக்குக் காத்திருக்கும்போது இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. அவ்வளவுதான் கதை. தோழி சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டாள். மின்தூக்கி, அடுக்குமாடிக் கட்டடம், பொட்டலம் கட்டி. ஆசிரியர் கை, அது அப்படித்தான் போகும். “மதுரையில் இருப்பவருக்குத் தப்பாவ் என்றால் புரியுமா?” என்பது அவள் கேள்வி.

கரிசல் காட்டுச் சொல் எல்லாம் பொங்கோலில் இருந்துகொண்டு படித்தபோது எனக்கும்தான் புரியவில்லை. கி. ராஜநாராயணன் எனக்காகச் சொல்லை மாற்றவில்லை, வட்டாரச் சொற்களுக்குத் தனி அகராதியே தொகுத்துவிட்டார். சீன மொழியிலிருந்து நம் வாய்க்கு வந்து சேர்ந்த ஒரு சொல்லை, ஒரு தமிழ் அப்பா இயல்பாகச் சொல்கிறார் என்றால், அந்தச் சொல்லே இந்த ஊரின் ஒரு துண்டு. அந்த அப்பா ‘பொட்டலம்’ என்றால் மகனுக்கே சிரிப்பு வரும். தம்பியிடமே கேட்டோம். பேச்சில் எல்லாம் அப்படியே இருக்கட்டும், கதை சொல்பவர் குரலில் மட்டும் ‘லிஃப்ட்’ ‘மின்தூக்கி’யாகட்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, “மின்தூக்கின்னு எழுதினா அது கொஞ்சம் மெதுவா வர்ற மாதிரி இருக்கு அக்கா” என்றார். தோழி பேனாவை மூடிவைத்தாள்.

இன்னொருவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கட்டுமானத் தளத்தில் வேலை. ஆறு கவிதைகள், எல்லாம் கைப்பேசியில் அடித்தவை. இங்கே 2014-இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். பல பேர் முன்னால் மேடையில் நிற்கப் பயம் என்று அனுப்பவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் உட்கார்ந்து பேசினோம். நான் குறித்துவைத்திருந்தது ஒரே இடம். லாரியில் திரும்பும்போது பாலத்துக்கு மேலே ரயில் போவதைப் பார்த்து, அதற்குள் இருப்பவர்கள் யாரும் வெளியே பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். அடுத்த நான்கு வரியும் அதற்கு விளக்கம். “இந்த நாலு வரியும் வேணுமாண்ணே?” என்றேன். யோசித்தார். “எடுத்துட்டா, நான் கோபமா இருக்கேன்னு தெரியாதே மேடம்.”

“எடுத்தாத்தான் தெரியும்னு நினைக்கிறேன்.”

உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டு வரி எடுத்துவிட்டு அனுப்பினார், இரண்டு வரி அப்படியே இருந்தது. அப்படியேதான் போட்டோம். அவர் கவிதை. பெயருக்குப் பதில் புனைபெயர் கேட்டார், போட்டோம். ஐந்து பிரதி வாங்கி, ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கொடுத்துவிட்டாராம்.

மிச்சம் 41 கடிதங்கள். மறுப்புக் கடிதங்கள். இவற்றைப் பற்றி இதழ் நடத்தியவர்கள் யாரும் அதிகம் சொல்வதில்லை. ஆளுக்குப் பத்து, எனக்குப் பதினொன்று. ஒரு கடிதத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் ஆனது. தேர்ந்தெடுத்த கதையைப் பற்றி எழுதுவது சுலபம். பிடிக்காத கதையில் உயிருள்ள வரியைத் தேடிக் கண்டுபிடிக்க அதை மூன்று முறை படிக்க வேண்டும். மூன்றாம் முறை படிக்கும்போது சில கதைகள் பிடித்தும்போயின. இரண்டைத் திரும்பவும் பேச்சுக்கு எடுத்தோம்.

நாங்கள் எதிர்பார்த்தது எழுதியவர்களின் கோபம். வந்தது ஒரு தந்தையின் தொலைபேசி அழைப்பு. மகள் உயர்நிலை நான்கு. அதே கதைக்கு ஒரு போட்டியில் முதல் பரிசு வாங்கியவள். “மூன்று நாளாக அழுகிறாள் அம்மா. பரிசு வாங்கிய கதையை வேண்டாம் என்கிறீர்களே, நீங்கள் யார்?” குரலில் அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பிள்ளை தமிழில் எழுதுவதே அதிசயமாக இருக்கிற வீட்டில், அந்த ஒரு துளிரையும் நாங்கள் கிள்ளிவிட்டோமோ என்ற பயம் அது. அந்தப் பயம் இருக்கிற தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. கடிதத்தை நீங்களும் படியுங்கள் சார், அதில் அவளுடைய ஒரு பத்தியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன் என்றேன். படித்திருந்தார். “அந்தப் பத்தியை நீங்கள் பாராட்டியிருக்கிறீர்களா, குறை சொல்லியிருக்கிறீர்களா, அதுவே புரியவில்லை” என்றார். இரண்டும்தான் என்றேன்.

நண்பர் அன்றிரவே ஒரு யோசனை சொன்னார்: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மட்டும் இனிப்பான பொதுக் கடிதம் ஒன்று தயார்செய்து வைத்துக்கொள்வோம். நீண்ட நேரம் பேசினோம். தோழி, தினமும் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருப்பவள், வேண்டாம் என்றாள். “வகுப்பில் எல்லாரும் அவர்களிடம் இனிப்பாகத்தான் பேசுகிறோம். அதனால்தான் நம்மை நம்புவதில்லை.”

இரண்டு மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நானும் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் மின்னஞ்சல் வந்தது. கதை இல்லை, ஒரு கேள்வி.

“என் கதையில் பாட்டி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, அதனால் அவர் யாரென்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பாட்டி நிஜமாகவே பேச மாட்டார்கள். தாத்தா இறந்ததிலிருந்து அப்படித்தான். பேசாத ஒருவரை எப்படி எழுதுவது?”

நால்வரும் குழுவில் இதைப் பற்றித்தான் நான்கு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பாட்டியின் கைகளை எழுதச் சொல் என்கிறாள் தோழி. பேசாத பாட்டியிடம் மற்றவர்கள் பேசும் விதத்தை எழுதச் சொல் என்கிறார் அண்ணன். நண்பர் ஒரு ஜப்பானியக் கதையின் இணைப்பை அனுப்பியிருக்கிறார். இரண்டாம் இதழுக்கு வந்த 37 படைப்புகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன, முதல் இதழில் 62 பிரதிகள் என் கட்டிலுக்கு அடியில். 30 நாள் விதி கேள்விகளுக்கும் பொருந்துமா என்று நண்பர் கேட்கிறார். பொருந்தும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் 23 நாள் இருக்கிறது.